‘பயனற்றது’ என்று எழுதும் முன்

பல்கலைக்கழகத் துறைகளில் ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு நடக்கிறது. பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் எடுத்துப் பார்த்து, இயங்காததைக் கழிவுப் பட்டியலில் சேர்க்கிறார்கள். மொழியியல், மானுடவியல், நாட்டார் வழக்காற்றியல் துறைகளில் அந்தப் பட்டியலில் தவறாமல் இடம்பெறுபவை கையடக்க ஒலிப்பதிவுக் கருவிகள். பொத்தானை அழுத்துகிறார்கள், திரை ஒளிர்வதில்லை, ‘பயனற்றது’ என்று எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். அக்கருவியின் ஒலிவாங்கியும் மின்சுற்றும் நினைவகமும் நலமாகவே இருக்கலாம். சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள மின்கலம் ஒன்று மட்டும் தேய்ந்திருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. இதை அலுவலகச் சோம்பல் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் இயலவில்லை. ஆய்வின் சான்றாதாரத்தையே இழக்கச் செய்யும் வழக்கம் இது என்று கருதுகிறேன்.

நான் களப்பணிக்காக மட்டாஞ்சேரியில் தங்கியிருக்கிறேன். அருகே ஃபோர்ட் கொச்சியில், வெளி என்று அழைக்கப்படும் பகுதியிலுள்ள தோபி கானாவில் உழைக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் பேச்சுத் தமிழ் என் ஆய்வுப்பொருள். படைவீரர்களின் சீருடைகளை வெளுப்பதற்காக டச்சுக்காரர் காலத்தில் தமிழ்ப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள் இவர்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இப்போதுள்ள துறையை 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் அமைத்துக் கொடுத்தது. தலைமுறைகளாக மலையாளத்தின் நடுவே வாழும் தமிழில் ழகரம் என்ன ஆனது, வினைமுற்றில் திணை பால் விகுதிகள் எவ்வளவு எஞ்சியிருக்கின்றன என்பனவே என் கேள்விகள். இத்தகைய கேள்விக்கு ஒரு காலப்புள்ளி போதாது. இருபது ஆண்டுகளுக்கு முன் இதே மனிதர்கள் எப்படிப் பேசினார்கள் என்பது தெரிந்தால்தான் மாற்றம் என்ற சொல்லைப் பயன்படுத்த முடியும்.

நல்வாய்ப்பாக, எங்கள் துறையில் எனக்கு முன்பு ஒருவர் இக்குடும்பங்களின் முதியோரிடம் பதிவு செய்திருந்தார். அம்முதியோர் இன்று இல்லை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சில பக்க எழுத்துப்பெயர்ப்பு இருக்கிறது. ஆனால் எழுத்துப்பெயர்ப்பாளர் கேட்டதை எழுதுவதற்குப் பதிலாகச் சரியான வடிவத்தை எழுதிவிடுவது நம் துறையில் அரிதான நிகழ்வன்று. ‘மழை’ என்று எழுதியிருக்கும் இடத்தில் அந்தப் பாட்டி ‘மளெ’ என்றாரா, ‘மயெ’ என்றாரா என்பதைக் குரல் மட்டுமே சொல்லும். குரலோ, பதிவுக் கருவியின் உள்நினைவகத்தில் இருந்தது. கருவியோ, கழிவுப் பட்டியலில் இருந்தது. மின்கலம் வீங்கிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. மின்னேற்பியைப் பொருத்தினாலும் உள்ளே ஒழுங்கான மின்கலம் இருப்பதை உணர்ந்தாலொழிய இயங்காதபடி அமைக்கப்பட்ட கருவி அது.

கழிவு ஏலத்துக்குப் போகுமுன் அதை எழுதி வாங்கிக்கொண்டு எர்ணாகுளம் பென்டா மேனகா வளாகத்துக்குப் போனேன். கைப்பேசி பழுதுபார்ப்போர் நிறைந்த இடம் அது. அங்கே ஒருவர் பழைய மின்கலத்தின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளந்தார். அதற்குப் பொருந்தும் வேறொன்றைத் தேடியெடுத்தார். பழையதில் மூன்று கம்பிகள், புதியதில் இரண்டு. மூன்றாவது கம்பி வெப்பநிலையை உணர்வதற்கானது என்று விளக்கி, பழைய தொகுப்பிலிருந்த பாதுகாப்புச் சுற்றை அப்படியே புதியதன் தலையில் மாற்றினார். மொத்தச் செலவு அறுநூறு ரூபாய். ஒன்பது மணி நேரப் பதிவு கிடைத்தது. ரசீதில் வரிப் பதிவு எண் இல்லை என்பதால் அறுநூறு ரூபாயைத் தர இயலாது என்று நிதிப் பிரிவு சொன்னது. அதே அலுவலகம் அதே மாதத்தில் புதிய கருவி வாங்குவதற்கு விலைப்புள்ளி கோரியது. பணத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. எது ஆய்வுச் செலவு என்பதைப் பற்றிய நம் கற்பிதம் இதில் வெளிப்படுகிறது. வாங்குவது ஆய்வு, பேணுவது எடுபிடி வேலை.

மின்கலம் ஏன் தேய்கிறது என்பதை மானுடவியல் மாணவரும் கொஞ்சம் அறிந்திருப்பது நல்லது. லித்தியம் அயனி மின்கலம் பயன்படுத்தினாலும் தேயும், பயன்படுத்தாவிட்டாலும் தேயும். எதிர்மின்முனையிலுள்ள கிராஃபைட்டின் மீது ஒரு மெல்லிய படலம் நாளடைவில் தடித்துக்கொண்டே போகிறது. அதில் சிக்கிய லித்தியம் மீண்டு வருவதில்லை. வெப்பம் இதை விரைவுபடுத்தும். முழு மின்னூட்டத்தோடு வெக்கையான அறையில் வைத்தால் இன்னும் விரைவு. கொச்சியின் கோடையில் பூட்டிய இரும்பு அலமாரி எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைவிடக் கொடியது இன்னொன்று. அணைத்து வைத்த கருவியிலும் கடிகாரமும் பாதுகாப்புச் சுற்றும் துளித்துளியாக மின்னை உறிஞ்சுகின்றன. ஆண்டுக்கணக்கில் எவரும் மின்னூட்டாவிட்டால் மின்னழுத்தம் ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அந்நிலையில் நெடுநாள் கிடந்தால் உள்ளேயுள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு மின்னூட்டினால் கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்று உண்டாகலாம். எனவேதான் நல்ல மின்னூட்டி அத்தகைய மின்கலத்தை ஏற்க மறுக்கிறது. அந்த மறுப்பை நாம் கருவியின் மரணமாகப் படிக்கிறோம். களத்தில் மாணவர் தேய்த்ததைக் காட்டிலும் அலமாரி தேய்த்ததே அதிகம் என்பது என் கணிப்பு.

இப்படியொரு நிலை எப்போதும் இருந்ததில்லை. 1961இல் வெளிவந்த ஊஹர் 4000 ரிப்போர்ட் என்னும் ஜெர்மானியச் சுருள்நாடாக் கருவி ஐந்து பெரிய டார்ச் செல்களில் இயங்கியது. ஐரோப்பிய வானொலிச் செய்தியாளர்களும் களப்பணியாளர்களும் தோளில் தொங்கவிட்டுத் திரிந்த கருவி. அதற்கு வேண்டிய செல் இன்றும் மட்டாஞ்சேரி பஜார் சாலையில் ஒரு பெட்டிக்கடையில் கிடைக்கும். நாக்ரா 3-க்குப் பன்னிரண்டு டார்ச் செல்கள். பின்னால் வந்த எண்ணிமக் கருவிகளிலும் மராண்ட்ஸ் பிஎம்டி 660 நான்கு பென்சில் செல்களையும், ஜூம் எச்4என் இரண்டையும் கேட்டன. இவற்றுக்கு எரிபொருள் வெளியே இருந்தது. தோபி கானாவில் இன்றும் புழங்கும் கரி இஸ்திரிப் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். கரி தீர்ந்தால் கரி போடுகிறார்கள். பெட்டி அப்பா காலத்தது.

எரிபொருளும் உடலும் ஒன்றாகத் தைக்கப்பட்டது பிற்பாடு. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை வணிகமுறையில் கொண்டுவந்தது. அந்த வேதியியலுக்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றது நியாயமானது. குறைந்த எடையில் நிறைய ஆற்றல் என்பது களப்பணியாளருக்குச் சிறிய கொடையன்று. குற்றம் வேதியியலில் இல்லை. தட்டையான, உறை மெலிந்த மின்கலங்கள் வந்ததும் கருவிகளை ஒட்டுப்பசையால் மூடும் வடிவமைப்பு வந்தது. 2003இலேயே நியூயார்க்கில் நைஸ்டாட் சகோதரர்கள் ஐபாட் சுவரொட்டிகளின் மேல், அதன் மாற்றமுடியாத மின்கலம் 18 மாதங்களே நீடிக்கும் என்று அச்சுவார்ப்பு வைத்துத் தெளித்து அதைப் படமாக்கினார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் விவாதம் அங்கேயே நிற்கிறது.

ஒலி ஆவணங்களைப் பொறுத்தவரை இதன் கூர்மையான எடுத்துக்காட்டு மினிடிஸ்க். 1990களின் பிற்பகுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் களப்பதிவுக்கு இதைப் பலர் பயன்படுத்தினார்கள். பழைய மினிடிஸ்கில் உள்ள ஒலியை யுஎஸ்பி வழியாக எண்ணிம வடிவிலேயே கணினிக்கு மாற்றும் வசதி 2006இல் வந்த எம்இசட்-ஆர்ஹெச்1 என்ற கையடக்கக் கருவியில்தான் கிடைத்தது. ஆகவே, உற்பத்தி நின்ற பிறகும் உலகெங்கும் ஆவணக்காப்பாளர்கள் அதைத் தேடுகிறார்கள். அதற்குள் இருப்பது அந்நிறுவனத்துக்கே உரிய அளவில் செய்த சிறிய லித்தியம் மின்கலம். சோனி 2013இல் மினிடிஸ்க் கருவிகளை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில் வெற்றுத் தகடுகளின் உற்பத்தியையும் முடித்துக்கொண்டது. மின்கலத்தை ‘உறை பிரிக்காத அசல்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். நான் மேலே சொன்ன படலம் உறைக்குள்ளும் தடிக்கும். 2006இல் செய்த மின்கலம் பெட்டிக்குள் இருந்தாலும் 2006இல் செய்ததுதான். அசலா போலியா என்பதைவிட எந்த ஆண்டில் செய்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, காந்த நாடாக்களைக் காப்பாற்ற 2025 வரையே அவகாசம் என்றது. நாடா நைந்துபோவது மட்டுமன்று, அதைப் படிக்கும் கருவி இல்லாமற்போவதும் அந்தக் கணக்கில் அடக்கம். அந்த ஆண்டும் கடந்துவிட்டது.

குரல் போனால் என்ன போகிறது என்பதற்கு மட்டாஞ்சேரியிலேயே சான்று உண்டு. கொச்சி யூதப் பெண்கள் தம் மலையாளப் பாடல்களைக் கையெழுத்து ஏடுகளில் தலைமுறைகளாகக் காத்துவந்தார்கள். ஏட்டில் சொல் இருந்தது. மெட்டு பாடுவோரிடம்தான் இருந்தது. பார்பரா ஜான்சன் 1970களிலிருந்து இப்பாடல்களைத் தேடித் தொகுத்தார். ஸ்கரியா ஸக்கரியா போன்ற அறிஞர்கள் பதிப்பித்தார்கள். 2004இல் எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் அப்பாடல்களின் பதிவுகளைக் குறுந்தகடாக வெளியிட்டது. இன்று யூதத்தெருவில் பரதேசி யூதர்கள் ஏறத்தாழ எவருமில்லை. அந்தத் தெருவின் அடையாளமாக இருந்த சாரா கோஹன் 2019 ஆகஸ்டில் தம் 96ஆம் வயதில் மறைந்தார். அத்தெருவின் பழம்பொருள் கடைகளில் வால்வு வானொலிகளும் நாடாக் கருவிகளும் அலங்காரத்துக்கு விற்பனையாகின்றன. சுற்றுலாப் பயணி வாங்கும் வானொலி பாட வேண்டியதில்லை. ஆய்வுத் துறையின் கருவி பாடியாக வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது பாதுகாப்பு. அதை நான் புறந்தள்ளவில்லை. வீங்கிய லித்தியம் மின்கலத்தைத் திருகுப்புளியால் நெம்பினால் தீப்பற்றும். அதை மாணவர் விடுதியறையில் செய்யக்கூடாது. மின்கலத்தின் முனையில் நேரே சூட்டுக்கோலால் பற்றவைப்பதும் தவறு. நிக்கல் பட்டையைப் புள்ளிப் பற்றவைப்பு முறையில் இணைக்க வேண்டும். சந்தையில் போலிகள் மலிந்திருக்கின்றன. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளைச் செல்லில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு விற்கிறார்கள். அந்த அளவில் நல்ல நிறுவனத்தின் செல் 3500 தருவதே நிறைவானது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து ‘ஆகவே தூக்கியெறிக’ என்ற முடிவு எப்படிக் கிடைக்கிறது? வேதியியல் ஆய்வகத்தில் அமிலம் ஆபத்தானது என்பதால் அமிலத்தைத் தடைசெய்யவில்லை. கையாளத் தெரிந்தவரை வேலைக்கு வைத்தோம். மின்கலத்தைக் கையாளத் தெரிந்தவர் பென்டா மேனகாவிலும் சென்னை ரிச்சி தெருவிலும் உட்கார்ந்திருக்கிறார். நம் விதிகளின் கண்ணுக்கு அவர் தெரிவதில்லை.

விதிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 217ஆம் விதி, ஒரு பொருளைப் பயனற்றது என்று அறிவிக்கும்போது அதற்கான காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. மத்திய நிறுவனங்கள் இதைத்தான் பின்பற்றுகின்றன. காரணம் என்ற அந்தக் கட்டத்தில் நாம் எழுதுவது பெரும்பாலும் ‘இயங்கவில்லை’ என்ற ஒற்றைச் சொல். இயங்கவில்லை என்பது நோய்க்குறி, காரணம் ஆகாது. வேறொரு மின்கலத்தை இட்டுப் பார்த்தோம், அப்போதும் இயங்கவில்லை என்று எழுதினால் அது காரணம். புதிய விதி எதுவும் வேண்டாம், இருக்கும் விதியை அதன் பொருளறிந்து நிறைவேற்றினாலே பாதிக் கருவிகள் அலமாரிக்குத் திரும்பிவரும் என்று நம்புகிறேன்.

அரசின் மற்ற விதிகள் இவ்விடத்தில் அதிகம் உதவுவதில்லை. 2022இல் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், இறந்த மின்கலத்தைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைக்கின்றன. நல்ல விதிகள். ஆனால் அவை முதன்மையாகப் பேசுவது பிணத்தைப் பற்றி. பழுதுபார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இணையதளம் ஒன்றைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2023இன் மின்கல ஒழுங்குமுறையில், கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று பொதுவிதியாகச் சொல்லிவிட்டது. 2027 பிப்ரவரி 18 முதல் அது நடைமுறைக்கு வருகிறது. கருவியின் விற்பனை நின்ற பின்னும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் மாற்று மின்கலம் கிடைக்க வேண்டும். மென்பொருளைக் கொண்டு மாற்று மின்கலத்தைத் தடுக்கக்கூடாது. இந்தக் கடைசி வரி வெறும் எச்சரிக்கையன்று. நிறுவனத்தின் சில்லு இல்லாத மின்கலத்தை ஏற்க மறுக்கும் மடிக்கணினிகள் பல ஆண்டுகளாகவே சந்தையில் இருக்கின்றன.

மடிக்கணினி என்றதும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு நினைவு வருவது 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். அந்தக் கணினியில் முதல் ஆய்வுக்கட்டுரையைத் தட்டச்சு செய்தவர்கள் இதைப் படிப்போரில் பலர் இருப்பீர்கள். சில ஆண்டுகளில் அது சுவரோடு கட்டிய கணினியானது. மின்சாரம் போனால் எழுதியதும் போனது. வசதியுள்ளவர் வேறு வாங்கினார். இல்லாதவர் சுவருக்கு அருகிலேயே உட்கார்ந்து முனைவர் பட்டத்தை முடித்தார். மின்கலம் மாற்றுவது என்பது வறியவர் வீட்டில் ஒரு சூழலியல் கொள்கையாக இருப்பதில்லை.

இங்கே கடலைப் பார்த்தால் வேறு காட்சி. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியில் கொச்சி நீர் மெட்ரோவின் முனையம் திறந்தார்கள். கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய அந்தப் படகுகள் லித்தியம் டைட்டனேட் மின்கலத்தில் ஓடுகின்றன. சாதாரண லித்தியம் அயனியைவிட எடை கூடியது, விலை கூடியது. ஆனால் விரைவாக மின்னேறும், பன்மடங்கு சுற்றுகள் தாங்கும். எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்று கணக்கிட்டுத் தேர்ந்தெடுத்த வேதியியல் அது. அந்த மின்கலம் ஒருநாள் தேயும். அப்போது படகையே பயனற்றது என்று எழுதிக் காயலில் அமிழ்த்த யாரும் முன்வரமாட்டார்கள். படகின் விலை அதைத் தடுக்கும். ஒன்பது மணி நேரக் குரலுக்கு விலைப்பட்டியலில் வரிசை எண் இல்லை என்பதுதான் நம் சிக்கல்.

எனவே நான் கேட்பவை மிக எளியவை. நல்கை விண்ணப்பத்தில் கருவிக்கு ஒதுக்கும் தொகையோடு மின்கலம் மாற்றுவதற்கும் ஒரு வரி இருக்கட்டும். நெறியாளர்கள் அதை வெட்டாதிருக்கட்டும். புதிதாக வாங்கும்போது, ஏனைய தரங்கள் ஒத்திருந்தால், பென்சில் செல்லில் இயங்குவதையே வாங்கலாம். 2005இல் எனெலூப் வந்ததிலிருந்து மாதக்கணக்கில் மின்னைப் பிடித்துவைக்கும் நிக்கல் ஹைட்ரைடு செல்கள் கிடைக்கின்றன; அவற்றின் அழுத்தம் 1.5க்குப் பதில் 1.2 வோல்ட் என்பதால் பழைய கருவி சற்று முன்கூட்டியே ‘தீர்ந்தது’ என்று காட்டும், அவ்வளவுதான். உறைக்குள் அடைத்த மின்கலமுள்ள கருவியை அலமாரியில் வைக்குமுன் பாதியளவு மின்னூட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கவும். கழற்ற முடிந்தால் கழற்றியே வைக்கவும். பழைய நிக்கல் காட்மியம் செல்கள் கசியும் காரம் மின்சுற்றின் செப்புக் கோடுகளைத் தின்றுவிடும், அதன் பிறகு எந்த மின்கலமும் உதவாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்நினைவகத்திலோ தகட்டிலோ இருக்கும் ஒலியைப் படியெடுக்காமல் எந்தக் கருவியும் ஏலத்துக்குப் போகக்கூடாது.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள துறைகளின் அலமாரிகளில் இப்படிக் கிடக்கும் பதிவுக் கருவிகளின் பட்டியல் ஒன்றைத் தொகுத்துவருகிறேன். உங்கள் துறையில் இருந்தால் கருவியின் மாதிரிப் பெயர், அதில் யாருடைய களப்பதிவு இருக்கக்கூடும் என்ற குறிப்பு, மின்கலத்தின் மேல் அச்சிட்ட எண் ஆகியவற்றை எனக்கு எழுதுங்கள். தட்டை மின்கலங்களில் பெரும்பாலும் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். 503450 என்றால் தடிமன் 5.0, அகலம் 34, நீளம் 50 மில்லிமீட்டர் என்று பொருள். எண் அழிந்திருந்தால் அளவுகோலால் அளந்து அனுப்பினால் போதும். வீங்கியிருந்தால் அழுத்தாமல், கழற்றாமல், அதையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.